வதனியின் வருத்தக் கொப்பி

அந்தக் கொப்பியை விரித்து முகர்ந்தால் அணைத்த மெழுகுதிரியின் புகையும் கருகிய பாண் ரொட்டியும் கலந்த மணம் ஒன்று இன்னும் வருகிறது. அல்லது வருவதாக நான் நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இத்தனை வருடம் அலமாரிக்குள் பூச்சியுருண்டைகளோடு கிடந்த காகிதத்தில் அப்படியொரு மணம் தங்கியிருக்க நியாயமில்லை. நீல அட்டை. அட்டையில் என் மகள் வதனியின் பெயரும் பிறந்த நாளும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாத இரண்டு மருந்துகளும். உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டங்கள்: நாள், நேரம், எத்தனை நிமிடம், என்ன நடந்தது, பிறகு என்ன. லண்டனின் தென் விளிம்பில் அருட்சகோதரிகள் நடத்திய விடுதிப் பள்ளி ஒன்றில், வலிப்பு நோயோடும் வேறு குறைபாடுகளோடும் வளர்ந்த பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு கொப்பி இருந்தது. பிள்ளை விடுதியில் இருக்கும்போது சிஸ்டர்கள் அதில் எழுதுவார்கள். வீட்டுக்கு வரும்போது கொப்பியும் பையில் கூட வரும், பெற்றோர் எழுத வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் நோயை வருத்தம் என்போம் என்பதால், வீட்டில் அதற்கு 'வருத்தக் கொப்பி' என்று பெயர்.

இளமைக்கால நினைவு எழுதுகிறவர்கள் தங்கள் இளமையைத்தான் எழுதுவார்கள். என்னுடையது கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஒருவரின் மகன் அதே கச்சேரியில் எழுத்தராக ஆன கதை; அதில் எவருக்கும் பயன்படக்கூடியது எதுவுமில்லை. எனக்கு ஞாபகத்தில் இருப்பது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நடந்த என் மகளின் இளமை. அதைக் கெடுத்தவன் நான். கெடுத்தவனுக்குத்தான் விவரங்கள் துல்லியமாக நினைவிருக்கும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் கச்சேரியிலும் லண்டனில் ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியிலும் என் வாழ்நாள் முழுவதும் கடிதக் கோப்புகளோடு கழிந்தது. சனிக்கிழமைகளில் கோயிலின் பின் மண்டபத்தில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் ஆட்கள் பிளாஸ்டிக் பைகளில் கடிதங்களோடு வரிசையில் வருவார்கள். விசா, வீடு, பெனிபிட் என்கிற அரசாங்க உதவிப்பணம், பள்ளிக்கூடம், எதுவானாலும் 'கிளாக்கரிட்டைக் காட்டு' என்பதுதான் தென் லண்டனில் அப்போது வழக்கம்; எழுத்தர் வேலையால் எனக்கு வந்த பெயர் அது. கறுப்பு மையால் எழுதவேண்டும், மூன்று பிரதி எடுக்கவேண்டும், பதிவுத் தபாலில்தான் அனுப்பவேண்டும், ரசீதைக் கண்ணாடிக்குப் பின்னால் சொருகி வைக்கவேண்டும் என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். நோயாளிகளுக்கான படிவம் என்றால் முதல் வசனமே இதுதான்: "நல்ல நாளைப் பற்றி எழுதாதேங்கோ. ஆகப் பிழையான நாள் எது, அதை எழுதுங்கோ." வெட்கப்பட்டு மென்று விழுங்குகிறவர்களை நான் அதட்டியதும் உண்டு. "உங்கடை கௌரவத்தைக் கேட்டு அவன் கட்டம் போடேல்லை. பிள்ளைக்கு என்ன ஏலாது எண்டுதான் கேக்கிறான்."

வதனிக்கு நாலு வயதில் வலிப்புத் தொடங்கியது. மருந்துகள் மாற்றி மாற்றிக் கொடுத்தும் கட்டுப்படவில்லை. பேச்சும் படிப்பும் பின்தங்கின. சாதாரணப் பள்ளிக்கூடங்கள் இரண்டு அவளை மரியாதையாகத் திருப்பி அனுப்பின. பத்தாவது வயதில் அந்த விடுதியில் இடம் வாங்கினேன். வாங்கினேன் என்று சொல்லும்போது இன்றும் கொஞ்சம் பெருமை வருகிறது, ஏனென்றால் அந்தக் கோப்பு நான் செய்த கோப்புகளிலேயே சுத்தமானது.

குரோய்டனில் டிராமை விட்டு இறங்கி பஸ் எடுக்கவேண்டும். எங்கள் ஆட்களுக்குக் குரோய்டன் என்றால் அகதி விண்ணப்பத்துக்காகக் காத்துநின்ற அந்தப் பெரிய கட்டடம்தான். வதனிக்கு அது கையசைக்கிற இடம். பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்துக் கையசைப்பாள். சிலர் திருப்பிக் கையசைப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அந்த வரிசையில் நின்றவன். எனக்கு யாரும் கையசைக்கவில்லை.

விடுதியில் வதனியின் பொறுப்பு சிஸ்டர் ஈவ்லினுடையது. அறுபது வயது, ஆண்கள் அணிகிற மாதிரி ஒரு பெரிய கைக்கடிகாரம், வலிப்பின் நேரம் பார்ப்பதற்காக. முதல் நாள் என் மனைவி மனோ ஒரு சின்னப் பேணியில் திருநீறு கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் சங்கடப்பட்டு, இது கட்டாயமில்லை, உங்கள் விதிகளுக்கு முரணென்றால் விட்டுவிடலாம் என்று ஒரு விளக்கவுரையே ஆற்றினேன். சிஸ்டர் பேணியைத் திறந்து பார்த்து, எங்களிடமும் சாம்பல் உண்டு, வருடத்துக்கு ஒரு நாள்தான் பூசுவோம், இவளுக்கு ஒவ்வொரு நாளும் பூசினால் போயிற்று என்றார். பூசவும் செய்தார். ஆனால் பெருவிரலால், சிலுவையாக. அடுத்த முறை அழைத்துவரப் போனபோது மகளின் நெற்றியைப் பார்த்து நான் திருத்த வாயெடுத்தேன். மனோ என் முழங்கையைப் பிடித்தாள்.

"சும்மா இருங்கோ. திருநீறு நெத்தியிலை இருக்கு. காணும்."

அந்த விடுதியில் நான் அதிகம் குறை கண்டது அவர்களுடைய சாப்பாட்டு மேசையில். சாப்பாட்டுக்கு முன் ஜெபம். ஜெபத்துக்கு முன் அன்றைய முறைக்காரப் பிள்ளை எழுந்து நின்று, யார் இல்லை என்று கேட்கும். மற்றப் பிள்ளைகள் சுற்றிப் பார்த்துச் சொல்வார்கள்: இன்னார் காலையில் விழுந்ததால் நித்திரை, இன்னார் பல் வைத்தியரிடம், இன்னார் கோபித்துக்கொண்டு கழிப்பறையில். அந்தப் பெயர்களையும் சேர்த்துத்தான் ஜெபம். மேசையிலேயே ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் எல்லோரும் கரண்டியைக் கீழே வைப்பார்கள். ஒரு சிஸ்டர் தரையில் உட்கார்ந்து பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பி, தலைக்குக் கீழே மெத்தையைக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்ப்பார். பிள்ளை கண்விழித்துத் தன் பெயரைச் சொல்லும்வரை ஒருவரும் ஒரு வாய் உண்ணமாட்டார்கள். ஒரு தடவை நான் விருந்தாளியாக இருந்தபோது அப்படிப் பதினொரு நிமிடம் காத்திருந்தோம். சூப்பின் மேல் ஆடை படிந்தது. அடுப்படியில் பாண் கருகியது. பிறகு சிஸ்டர் ஈவ்லினிடம், ஒருவருக்காக மேசை முழுவதையும் தாமதிப்பது நிர்வாக ரீதியில் சரியில்லை, மற்றவர்களுக்கு முதலில் பரிமாறலாம் என்று யோசனை சொன்னேன். சூப்பைத் திரும்பவும் சூடாக்கலாம் என்றார் அவர்.

அங்கே வதனி மாறினாள். மேசை போடப் பழகினாள். சிற்றாலயத்தில் வெண்கலக் கைமணி அடிக்கிற வரிசையில் அவளுக்கு இரண்டு மணிகள் தந்தார்கள். வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து, கையை உயர்த்தி, வருகிறது என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துகொள்ளப் பழகினாள். விழுந்தால் அடிபடாமலிருக்க ஒரு மெத்தைத் தலைக்கவசம் போட்டிருந்தாள். அதை வெட்கமாக நினைக்க அங்கே ஒருவரும் சொல்லிக்கொடுக்காததால், நட்சத்திரப் படங்கள் ஒட்டி அலங்கரித்து வைத்திருந்தாள். கொப்பியின் 'பிறகு என்ன' என்ற கட்டத்தில் சிஸ்டர்கள் எழுதியவை ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கதை. "நாலு நிமிடம். எழும்பி, ஜாம் கேட்டாள்." "ஆறு நிமிடம். எழும்பி, யார் இல்லை என்று கேட்டாள். நீதான் என்றோம். சிரித்தாள்."

இனி எங்கள் பங்குக்கு நாங்கள் செய்தது.

வதனி எங்கே படிக்கிறாள் என்று கோயிலில் யாராவது கேட்டால் மனோவும் நானும் ஒரே பதிலைச் சொன்னோம்: "கொன்வென்டிலை, போடிங்." கன்னியர் மடம், விடுதி: அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. யாழ்ப்பாணத்துக்காரரிடம் கொன்வென்டையும் போடிங்கையும் சேர்த்துச் சொன்னால் அதற்குமேல் கேள்வி வராது, பொறாமைதான் வரும். "கிளாக்கர் ஆள் கெட்டிக்காரன், மகளைப் பார் எங்கை சேர்த்திருக்கிறான்" என்று என் காதுபடப் பேசினார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்குப் பராமரிப்பு வேலை இருந்தது. லீவுக்கு வரும்போது எங்கள் தெரு முனையில் தலைக்கவசம் கழன்று பைக்குள் போகும். மனோ அங்கேயே நின்று பிள்ளையின் தலையை விரலால் கோதிவிடுவாள். "என்ரை தொப்பி" என்று வதனி கேட்பாள். "வீட்டிலை போடலாம்" என்போம். வீட்டில் ஆட்கள் வந்தால் அங்கேயும் கிடையாது. இடது புருவத்துக்கு மேலே இருக்கிற தையல் அப்படி வந்ததுதான்.

அவளுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு ஞாயிறு மத்தியானம் செல்வம் அண்ணையும் மனைவியும் சாப்பிட வந்தார்கள். செல்வம் அண்ணை ஜெர்மனியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து கோலியர்ஸ் வுட்டில் மளிகைக் கடை போட்டவர். அவருடைய படிவங்கள் எல்லாம் நான் நிரப்பியவை. சோற்றைத் தட்டில் போடுகிற நேரம் வதனி கையை உயர்த்தினாள்.

"அப்பா, வருது."

விடுதியில் சொல்லிக்கொடுத்தபடி, எந்தத் தவறுமில்லாமல் சொன்னாள். மனோ எழுந்து அவளைக் கையில் பிடித்து அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. செல்வம் அண்ணை என்னைப் பார்த்தார்.

"என்ன கிளாக்கர், பிள்ளைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை அண்ணை. போடிங்கிலை படிப்புக் கூட. களைச்சுப் போனா. நீங்கள் சாப்பிடுங்கோ, சோறு ஆறப்போகுது."

நான் கத்தரிக்காய்க் குழம்பை அவருக்கு ஊற்றினேன். இரண்டாம் தரமும் ஊற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள் விழுந்து கிடக்க, இந்தப் பக்கம் பருத்தித்துறை வடையைப் பற்றிப் பேசினோம். எங்கள் வீட்டில் எதுவும் ஆறவில்லை.

அவர்கள் போனபின் கொப்பியை எடுத்து மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தேன்.

"இஞ்சருங்கோ, எழுதாதேங்கோ" என்றாள் மனோ. "எழுதினா எங்களாலை பாக்க ஏலாது எண்டு நினைப்பினம். பிறகு லீவுக்கும் பிள்ளையை விடமாட்டினம்."

அப்படி ஒரு விதி எங்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும். விதிகள்தான் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம். இருந்தும் பேனாவை மூடினேன். மனோவுக்காவது பயம் என்று ஒரு காரணம் இருந்தது. எனக்கு அந்த வெறும் பக்கம் பார்க்க அழகாக இருந்தது. நோயில்லாத ஒரு மகளின் பக்கம் அது. அதன்பின் லீவுக்கு லீவு அந்தப் பக்கங்கள் வெறுமையாகவே திரும்பிப் போயின. அந்நியர்கள் பார்த்துவிட்டதை மட்டும் எழுதினோம்: ஆம்புலன்ஸ் வந்த ஒரு நாள், பஸ் தரிப்பில் விழுந்த ஒரு நாள்.

பதினாறு வயதில், விடுதிச் செலவைக் கட்டிவந்த உள்ளூராட்சிக் கவுன்சிலின் மறுபரிசீலனைக் கூட்டம் வந்தது. அவள் விடுதியிலேயே தொடர்ந்து தங்கிப் பத்தொன்பது வயதுவரை படிக்கலாமா, வீட்டிலிருந்து டாக்ஸியில் போய்வரும் பகல் கல்லூரி போதுமா என்பது கேள்வி. வதனிக்கு இதில் சந்தேகமே இல்லை. அடுத்த வருடம் தனக்கு மூன்றாவது மணி தருவார்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கவுன்சிலிலிருந்து வந்தது ஓர் இளம்பெண். நல்ல பிள்ளை, ஆயத்தம் செய்துகொண்டு வந்திருந்தாள். வருத்தக் கொப்பியின் பக்கங்களை இரண்டு பத்திகளாகப் பிரித்து ஒரு தாளில் அடித்திருந்தாள். விடுதியில்: தாள் நிறைய. வீட்டில், கோடை விடுமுறை ஆறு வாரம்: இரண்டு. மகளை இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிற பெற்றோரைத் தான் அதிகம் கண்டதில்லை என்றாள். வீட்டுச் சூழல் பிள்ளைக்கு அமைதியைத் தருகிறது, வீட்டை விட்டுப் பிரிந்திருப்பதுதான் நோயைத் தூண்டுகிறது போலும் என்றாள். அவளுடைய நியாயத்தில் ஓர் ஓட்டையும் இல்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு நானும் அதையேதான் எழுதியிருப்பேன். சிஸ்டர் ஈவ்லின் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பெற்றோரைப் புகழ்ந்த இடத்தில் தலையைக் கூட ஆட்டிவிட்டேன்.

முடிவு கடிதமாக வந்தது. விடுதி நிறுத்தம், பகல் கல்லூரி, ஆட்சேபணைக்கு அவகாசம் உண்டு. அந்தக் கிழமை ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து, நினைவிலிருந்து அந்த ஆறு வாரத்தையும் வெறும் பக்கங்களில் நிரப்பினேன். இருபதுக்கு மேல் வந்தது. ஒன்றும் கற்பனையில்லை. கொண்டுபோய்ச் சிஸ்டர் ஈவ்லினிடம் நீட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, இருபது நாளும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், இதை நான் அனுப்பமுடியாது என்றார். கோபமில்லை. இதெல்லாம் நடந்ததா என்று கேட்டார். ஓம் என்றேன், ஆங்கிலம் மறந்து. அப்படியானால் மறைத்தேன் என்று ஒரு கடிதம் எழுதுங்கள், அல்லது வீட்டில் கண்ணால் கண்ட ஒருவரிடம் எழுதி வாங்குங்கள், நான் கூடவந்து பேசுகிறேன் என்றார்.

கண்ணால் கண்டவர். தென் லண்டனில் பாதிப்பேருக்கு நான் சாட்சிக் கடிதம் எழுதியிருக்கிறேன். யார் யாரிடம் எழுதி வாங்கவேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொடுத்திருக்கிறேன். என் மகளுக்கு அப்படி ஒருவரும் இல்லாதபடி நானே பார்த்துக்கொண்டேன். அந்த ஞாயிறு அறைக்குள் விழுந்த சத்தத்தைக் கேட்டவர்கள் செல்வம் அண்ணையும் மனைவியும்தான். கோலியர்ஸ் வுட்டுக்குப் போனேன். கடையில் சிவப்பரிசி மூடையின் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைக் கண்டதும் மாமியாரின் விசாப் படிவத்தை எடுத்து நீட்டினார். இரண்டு பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

"வேறை என்ன அலுவல், கிளாக்கர்? முகம் ஒரு மாதிரிக் கிடக்கு."

"ஒண்டுமில்லை அண்ணை. இந்தப் பக்கம் வந்தனான்."

ஒரு கட்டு முருங்கைக்காய் தந்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

மிஞ்சியது கடிதம். அதை எழுதினேன், கறுப்பு மை, மூன்று பிரதி, பதிவுத் தபால். "வீட்டுப் பதிவுகள் எல்லா வேளைகளிலும் முழுமையாகப் பேணப்பட்டிருக்கவில்லை என்பதைப் பணிவுடன் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்." நான் மறைத்தேன், என் மகள் எங்கள் வீட்டில் கிழமைக்கு மூன்று நாலு தரம் விழுந்தாள், விருந்தாளிகளுக்காகக் கதவைச் சாத்தினோம் என்று எழுதியிருந்தால் போதும். என் மடக்கு மேசைக்கு முன்னால் வேறொரு தகப்பன் உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் எழுதவைத்திருப்பேன், மென்று விழுங்கினால் அதட்டியிருப்பேன். எனக்கு வந்த பதிலும் என் கடிதத்தின் தரத்திலேயே இருந்தது: தங்கள் கருத்துக் கவனத்தில் கொள்ளப்பட்டது, முடிவில் மாற்றமில்லை. அதற்கு மேலே விசாரணை மன்றம் இருந்தது. அங்கே கேள்விகளை வாயால் கேட்பார்கள், வாயால் பதில் சொல்லவேண்டும். நான் போகவில்லை.

ஜூலையில் வதனி வீட்டுக்கு வந்தாள். சிஸ்டர் ஈவ்லின் அவளுடைய இரண்டு மணிகளையும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார். திருநீற்றுப் பேணியும் அதற்குள் இருந்தது, பாதிக்கு மேல் முடிந்து. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு மேசையை அவளே போட்டாள். நாங்கள் இருந்ததும் எழுந்து நின்று எங்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஆர் இல்லை?"

விளங்காமல் மனோ என்னைப் பார்த்தாள். "எல்லாரும் இருக்கிறம் பிள்ளை, சாப்பிடு" என்றேன். அவள் சாப்பிடவில்லை. விடுதியில் இருந்த பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லி முடித்துத்தான் உட்கார்ந்தாள்.

பகல் கல்லூரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டாக்ஸி நேரத்துக்கு வந்தது. அங்கே அவளைச் சோபாவில் இருத்திப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். கையை உயர்த்திச் சொல்கிற பழக்கம் முதல் குளிர்காலத்திலேயே போயிற்று. அதற்குக் காத்திருக்க ஆளில்லாதபோது எதற்காக உயர்த்துவாள். இரண்டாம் வருடம் டாக்ஸியில் ஏறமாட்டேன் என்றாள். பிறகு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

போன வருடம் செல்வம் அண்ணை கடையை மூடினார். அதன்பின் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, வதனி அவர் கண்முன்னாலேயே விழுந்தாள். இப்போது கதவைச் சாத்துகிற வயது எங்களுக்கு இல்லை. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பினார். பழகின கை.

"என்ரை தங்கச்சிக்கும் இருந்தது" என்றார். "அண்டைக்கு உம்மடை வீட்டிலை அந்தச் சத்தத்தைக் கேட்டவுடனை எனக்கு விளங்கிட்டுது. நீர் மறைக்கிறீர், நான் ஏன் கேப்பான் எண்டு இருந்திட்டன்."

நான் கடிகாரத்தில் நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடைக்கு வந்து நிண்டீரே ஒரு நாள், முருங்கைக்காய் தந்தன். அதுக்குத்தானே வந்தனீர்?"

"ஓம் அண்ணை."

"வாயைத் திறந்திருந்தா அந்த இடத்திலையே எழுதித் தந்திருப்பன், ஐசே."

விடுதி இப்போது இல்லை. சிஸ்டர்கள் ஒவ்வொருவராக மூப்படைந்தார்கள், புதிதாக யாரும் சேரவில்லை, கட்டடத்தை அடுக்குமாடி வீடுகளாக்கிவிட்டார்கள். சிற்றாலயத்தின் நிறக்கண்ணாடி சன்னல் இப்போது யாரோ ஒருவருடைய சமையலறையில் இருக்கிறது. குரோய்டன் பக்கம் போனால் வதனி பஸ்ஸில் கீழ்த்தட்டில் என் தோளில் சாய்ந்தபடி வருவாள். கையசைப்பதில்லை.

நான் இப்போது எழுதுகிறேன். ஓய்வுபெற்ற நாளிலிருந்து ஒன்றையும் விடவில்லை. நாள், நேரம், நிமிடம், என்ன நடந்தது, பிறகு என்ன. பதினாலு கொப்பிகள் அலமாரியில் அடுக்கியிருக்கின்றன, திகதி வாரியாக. பார்க்கவேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவள் விழுந்தால் மனோவும் நானும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். சோறு ஆறினால் திரும்பவும் சூடாக்கிக்கொள்கிறோம். அவள் எழும்பி, பேசாமல் தன் கதிரையில் வந்திருந்து சாப்பிடுகிறாள்.

"ஆர் இல்லை?" என்று கேட்பதை அவள் விட்டு எவ்வளவோ காலமாகிறது. எப்போது விட்டாள் என்று தெரிந்துகொள்ள இந்தக் கிழமை எல்லாக் கொப்பிகளையும் எடுத்துப் பார்த்தேன். அதை எந்தக் கட்டத்திலும் நான் எழுதியிருக்கவில்லை.